ரசீதில் ஒரு வரி: கிராம நூலகத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுபோகிறது

ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி கட்டியவர்கள் ரசீதை முழுசாகப் படிப்பதில்லை. தொகை சரியா என்று ஒரு பார்வை பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போன ஆண்டு எங்கள் ஊரில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மட்டும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வீட்டு வரி 100 ரூபாய். அதன் கீழே நூலக வரி 10 ரூபாய். மொத்தம் 110.

"தம்பி, இது என்ன நூலக வரி?"

"லைப்ரரிக்குங்கய்யா. எல்லார் வீட்டுக்கும் உண்டு," என்றார் ஊராட்சிச் செயலர்.

"நம்ம ஊரு லைப்ரரி பூட்டித்தானே கெடக்கு?"

செயலர் பேசாமல் அடுத்த ரசீதை எழுதத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரியைப் பிடிப்பது அவர் வேலை. அந்தப் பத்து ரூபாய் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வீட்டு வரியோ சொத்து வரியோ கட்டும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்துக்குத் தனியாகப் பணம் தருகிறது. நம்மில் பலருக்குக் கொடுப்பதே தெரியாது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அரையணாவில் தொடங்கியது

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தார் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர், அதுவரை கணக்கு ஆசிரியர். அதே ஆண்டு நூலகப் பயிற்சிக்காக லண்டன் போனார். இங்கிலாந்தின் நூலகச் சட்டத்துக்கு அப்போதே வயது எழுபதைத் தாண்டியிருந்தது. 1850இல் வந்த அந்தச் சட்டம், பவுண்டுக்கு அரைப் பென்னி வீதம் நூலகத்துக்கு வரி போட்டுக்கொள்ள நகரங்களுக்கு அனுமதி தந்தது. அதிலும் 10,000 பேருக்கு மேல் வாழும் நகரமாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம், புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது. புத்தகங்களை யாராவது நன்கொடையாகத் தந்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். ஐந்தே ஆண்டில், 1855இல், வரியை ஒரு பென்னியாக்கிப் புத்தகம் வாங்கவும் வழிசெய்தார்கள்.

ஆனால் அந்த ஒரு பென்னி உச்சவரம்பு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. பெரிய நகரம் ஒரு பென்னியை வைத்துக்கொண்டு சமாளித்தது. சின்னக் கிராமத்தில் பவுண்டுக்கு ஒரு பென்னி திரட்டினால் அலமாரிகூட வாங்க முடியாது. கிராமங்கள் நூலகமே இல்லாமல் கிடந்தன. 1919இல்தான் வழி பிறந்தது. மாவட்ட மன்றங்களே நூலகம் நடத்தலாம் என்றும், பென்னி வரம்பு இனி கிடையாது என்றும் புதிய சட்டம் வந்தது. ஒவ்வொரு கிராமமும் தன் சொந்தக் காசில் நூலகம் நடத்த வேண்டிய நிலை மாறி, மாவட்டம் முழுவதும் சேர்ந்து எல்லாக் கிராமங்களையும் தாங்குவது என்றானது. ரங்கநாதன் லண்டனில் போய் இறங்கியபோது அந்த மாற்றத்துக்கு வயது ஐந்து.

திரும்பி வந்தவர் பல்கலைக்கழக நூலகத்துக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டியில் பக்கவாட்டு அலமாரிகள், அலமாரிகளில் புத்தகங்கள். கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் முன்னின்று உருவாக்கிய நடமாடும் நூலகம் அது. தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். காளைகள் இழுத்த அந்த நூலகம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் நின்று புத்தகம் கொடுத்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வண்டிக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். மாட்டுக்குத் தீனி, அச்சுக்கு மசகு, அவருக்குக் கூலி. புத்தகத்தை வாங்கிவிட்டால் வண்டி தானாக ஓடாது. இந்தக் கட்டுரையின் விஷயமும் அதுதான்.

1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் இது. வரைவுக்குப் பின்னால் ரங்கநாதனின் உழைப்பும், சட்டமாக்கியதில் அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் உறுதியும் இருந்தன. சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ஒரு ரூபாய்க்கு 6 தம்படியை நூலகத்துக்கென்று கூடுதலாக வசூலிக்க வேண்டும் என்றது சட்டம். அந்தக் காலத்தில் 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆகவே ரூபாய்க்கு அரையணா. இங்கிலாந்தின் அரைப் பென்னியைப் போலவே நம்முடையதும் அரையில்தான் தொடங்கியது. பின்னர் படிப்படியாக ஏறி, இன்று ரூபாய்க்கு 10 காசு. அந்தப் பெரியவரின் ரசீதில் இருந்த பத்து ரூபாய் இப்படி வந்ததுதான்.

பணம் போகும் பாதை

வரியைப் பிடிப்பது உள்ளாட்சி. கிராமத்தில் ஊராட்சி, ஊர் பெரியதானால் பேரூராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ. ஆனால் பணம் அவர்களுக்குச் சொந்தமில்லை. வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திவிட வேண்டும். ஆணைக்குழுவுக்கென்று தனி நிதி இருக்கிறது. மாவட்டத்தின் நூலகங்களை அந்த நிதியைக் கொண்டு நடத்துவதற்கு மாவட்ட நூலக அலுவலர் இருக்கிறார். மாநில அளவில் இவர்களுக்கு மேலே பொது நூலக இயக்ககம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல அறிவு இருக்கிறது, ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஒரு கிராமம் தரும் நூலக வரி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 வீடுகள், வீட்டுக்குச் சராசரியாக 150 ரூபாய் வீட்டு வரி என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வரி மொத்தம் 1,20,000. அதில் பத்தில் ஒரு பங்கு நூலக வரி, ஆண்டுக்கு 12,000. மாதத்துக்கு 1,000 ரூபாய். ஒரு நாளிதழ் 8 ரூபாய் என்றாலும், இரண்டு நாளிதழ் போட்டால் மாதத்துக்கு 480 ரூபாய் போய்விடும். மிச்சத்தில் மின்கட்டணம் கட்டலாம், ஒரு புத்தகம் வாங்கலாம். அதோடு முடிந்தது. தன் வரியில் மட்டும் நூலகம் நடத்து என்று அந்தக் கிராமத்தைக் கைவிட்டிருந்தால் பென்னி காலத்து இங்கிலாந்துக் கிராமத்தின் கதிதான். மாவட்டத்துக்கு ஒரே நிதி என்று வைத்ததால் நகரத்தின் பணம் கிராமத்துக்கும் வருகிறது. இதை யோசித்துச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஓட்டை எங்கே என்றால், மாவட்ட எல்லையோடு அந்தப் பகிர்வு நின்றுபோகிறது. ஆண்டுக்கு 8,000 ரூபாய் சொத்து வரி கட்டும் நகரத்துக் குடியிருப்பு ஒன்று 800 ரூபாய் நூலக வரி தரும். அப்படிப் பதினைந்து குடியிருப்புகள் கொண்ட ஒரே ஒரு கட்டடம், 800 வீடுள்ள நம் கிராமம் முழுவதும் தருகிற 12,000 ரூபாயைத் தந்துவிடும். அந்தக் கட்டடங்கள் தெருத்தெருவாக நிற்கும் மாவட்டத்துக்கும், ஓட்டு வீடும் தொகுப்பு வீடுமாக இருக்கும் மாவட்டத்துக்கும் நூலக நிதி எப்படி ஒன்றாக இருக்கும்? எங்கே சொத்து இருக்கிறதோ அங்கேதான் புத்தகத்துக்குப் பணமும் இருக்கிறது. வீட்டில் புத்தகம் இல்லாத குடும்பங்கள் அதிகம் வாழும் இடத்தில் நூலக வரியும் குறைவு.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சென்னை நகரம் நீங்கலாக மற்ற ஆணைக்குழுக்களுக்கு, வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தர வேண்டும் என்று வைத்தார்கள். சென்னைக்குச் சொந்த வரியே போதும், மற்றவர்களுக்கு அரசு கை கொடுக்கட்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் வசூலுக்கு ஈடாக மானியம் என்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கோடி வசூலித்த மாவட்டத்துக்கு இன்னொரு கோடி, பத்து லட்சம் வசூலித்த மாவட்டத்துக்கு இன்னொரு பத்து லட்சம். இரண்டுக்கும் நடுவில் 90 லட்சமாக இருந்த இடைவெளி மானியத்துக்குப் பிறகு 1 கோடியே 80 லட்சமாகிவிடுகிறது. உதவி வருகிறது, ஏற்றத்தாழ்வும் கூடவே வருகிறது. வரி குறைவாக வரும் இடத்துக்கு மானியம் கூடுதலாக என்று கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் கிராமப்புற மாவட்டங்கள் தலைதூக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவையில் வைப்பது நெடுநாள் நோய். தெருவிளக்குக் கட்டணம், தண்ணீர் மோட்டார் பழுது, தூய்மைப் பணியாளர் ஊதியம் என்று கழுத்தை நெரிக்கும் செலவுகள் இருக்கும்போது, கையில் இருக்கும் பணம் முதலில் அவற்றுக்கே போகும். ஊராட்சியின் கஷ்டம் புரிகிறது. ஆனால் அது நூலகத்துக்கென்று பெயர் சொல்லி மக்களிடம் வாங்கிய பணம்.

ஒரே ஊரில் இரண்டு நூலகம், இரண்டு துறை

கிராமத்து நூலகம் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒரே வகை இல்லை. பொது நூலகத் துறையின் கீழ் தமிழ்நாடு முழுவதும் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களுக்கு அடுத்தபடியாக 1,900க்கும் மேற்பட்ட கிளை நூலகங்கள், அதே அளவுக்கு ஊர்ப்புற நூலகங்கள், 700க்கும் மேற்பட்ட பகுதி நேர நூலகங்கள். ஊராட்சிகளின் எண்ணிக்கையோ ஏறத்தாழ 12,500. கிளை, ஊர்ப்புறம், பகுதி நேரம் எல்லாவற்றையும் கிராமத்திலேயே வைத்துப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகத் துறையின் நூலகம் கிடையாது. ஆனால் நூலக வரி எல்லா ஊராட்சிகளிலும் உண்டு.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2006இல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகள், ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று ஐந்தாண்டுகளில் எல்லா ஊராட்சிகளையும் தொட்ட திட்டம். குளம், சாலை, சுடுகாடு, விளையாட்டுத் திடல் ஆகியவற்றோடு ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு நூலகக் கட்டடமும் கிடைத்தது. நூலகம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கான ஊர்களில், முகப்பில் நூலகம் என்று எழுதிய கட்டடம் எழுந்தது. அதைச் சிறிதாக நினைக்க என்னால் முடியாது.

ஆனால் இந்த நூலகங்கள் நூலகத் துறைக்குச் சொந்தமில்லை. ஊரக வளர்ச்சித் துறையின் திட்டத்தில் கட்டியவை, ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. இங்கே இருப்பவர் நூலகத் துறையின் ஊழியர் இல்லை. சிறு மதிப்பூதியத்துக்கு ஊரிலேயே ஒருவரைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார்கள். புத்தகம் ஒரு முறை மொத்தமாக வந்தது. பிறகு யார் வாங்குவது, எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்பதில் தெளிவு இல்லை. மதிப்பூதியம் நின்ற ஊரில் சாவியும் திரும்பி வந்தது. இப்படிப் பூட்டிய கட்டடங்களில் சில அங்கன்வாடிக்கு உதவின, சில ரேஷன் மூட்டை வைக்க உதவின, சிலவற்றில் தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் கதவு திறக்கிறது.

எங்கள் ஊர் நூலகமும் அந்த வகைதான். பெரியவர் அன்று கேட்டது இதைப் பற்றித்தான். அவர் கட்டும் பத்து ரூபாய் ஒரு துறைக்குப் போகிறது. அவர் கண்முன் பூட்டிக் கிடக்கும் கட்டடம் இன்னொரு துறையினுடையது. பணத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு துறை எல்லைக்கோடு ஓடுகிறது. மக்கள் நேரே கேட்கிற ஒரு கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இந்தக் கோடுதான்.

கட்டடத்துக்குப் பணம் உண்டு, ஆளுக்கு இல்லை

என் வாசிப்பு தொடங்கியது பக்கத்து ஊரின் ஊர்ப்புற நூலகத்தில். நான்கு இரும்பு அலமாரி, இரண்டு நீள மேசை, சுவரில் ஒரு திருவள்ளுவர். அதை நூலகமாக்கியவர் அங்கிருந்த அக்கா. நாங்கள் பள்ளி விட்டு வரும் நேரம் அவருக்குத் தெரியும். மூடும் நேரம் ஆனாலும் அரை மணி உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் அட்டை இல்லாத பையன்களுக்கும் தன் பெயரில் இரவல் பதிந்து புத்தகம் கொடுப்பார். திரும்பி வராத புத்தகத்துக்கு அவரே பணம் கட்டினார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது அவர் வாங்கியது தொகுப்பூதியம். ஓய்வூதியம் இல்லை, நிரந்தரம் எப்போது என்று தெரியாது. அவரைப் போன்ற ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியத்துக்கும் பணி வரன்முறைக்கும் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது நூலகம் திறந்திருப்பதற்கான விலை.

கிராம நூலகத்துக்குக் கைகொடுக்க அரசிடம் பல நிதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் விதியையும் எடுத்துப் படித்தால் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறோம்.

அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணை, ஊராட்சிகளுக்கு மாற்றித் தரக்கூடிய 29 பொறுப்புகளைச் சொல்கிறது. அதில் இருபதாவது நூலகங்கள். ஆகவே ஊராட்சி தன் பணத்தை நூலகத்துக்குச் செலவிடச் சட்டத்தில் தடையில்லை. 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தார்கள். எஞ்சிய 40 விழுக்காட்டை அந்த 29 பொறுப்புகளில் ஊருக்குத் தேவையான எதற்கும் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் கூடாது. அலமாரி வாங்கலாம், கூரை மாற்றலாம். திறந்துவைக்க ஓர் ஆளை அமர்த்தி அவருக்கு மாதச் சம்பளம் தர முடியாது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி நீடித்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவதற்கானது. அதிலும் கட்டடம் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். 1972இல் கொல்கத்தாவில் ஒன்றிய அரசு அமைத்த ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை மாநிலங்களோடு சேர்ந்து புத்தகத்துக்கும் தளவாடத்துக்கும் கட்டடத்துக்கும் உதவுகிறது. நாடு முழுவதும் நூலகங்களில் அதன் முத்திரை குத்திய புத்தகங்களைப் பார்க்கலாம். கிராமத்து நூலகரின் சம்பளம் அதன் வேலை இல்லை. 2023 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் சிறார்க்கான தேசிய மின்னூலகத்தை அறிவித்தபோது, ஊராட்சி, வார்டு அளவில் நூலகங்கள் அமைக்க மாநிலங்களை ஊக்குவிப்போம் என்றார்கள். ஊக்குவித்து அமைத்த நூலகத்தை மாதாமாதம் நடத்தும் பொறுப்பு மறுபடியும் மாநிலத்தின் தலையிலும் ஊராட்சியின் தலையிலும்தான் வந்து விழும். நூலகம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது.

ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. வந்துபோகும் மானியத்தைக் கொண்டு சம்பளப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், மானியம் நின்ற நாளில் ஊராட்சி திண்டாடும். அந்த அச்சத்தில் போட்ட விதிகள் அவை. ஆனால் எல்லா நிதியும் இப்படி ஒதுங்கிக்கொண்டால் ஆளுக்கு யார்தான் பணம் தருவது? ஆண்டு தவறாமல் வரும் பணம் ஒன்றே ஒன்றுதான், அந்த நூலக வரி. எப்போதும் வரும் பணம் என்பதால், எப்போதும் இருக்கும் செலவுக்கு அதுவே பொருத்தம். அந்தப் பணம்தான் பூட்டிய கட்டடத்தின் பக்கம் போவதில்லை.

மதுரையில் 2023 ஜூலையில் 200 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட செலவில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபோது நான் மகிழ்ந்தேன். பார்த்துவிட்டும் வந்தேன். குழந்தைகள் பிரிவில் கூட்டம் நிறைந்திருந்தது. மாநகரத்துக்கு அப்படி ஒன்று வேண்டும்தான். ஆனால் அங்கே வந்துபோக முடியாத ஊர்களில், மாலை 4 மணி முதல் 8 மணி வரை ஒருவர் உட்கார்ந்து விளக்கைப் போட்டு வைப்பதும் நூலகச் செலவுதான் என்று நிதிநிலை அறிக்கை எழுதுகிறவர்கள் நினைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேரத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளி மணி அடித்த பிறகு திறந்து, பள்ளி விடுவதற்குள் மூடும் நூலகத்தில் மாணவர் எண்ணிக்கை குறைவு என்று பதிவேட்டைக் காட்டுவதில் அர்த்தம் இல்லை. களை எடுக்கப் போன பெண்கள் திரும்புவது பொழுது சாயும் வேளையில். குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கும் இளைஞர்களுக்கு வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் இல்லாத ஓர் இடம் வேண்டும். கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்டதே, நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் இவர்களில் ஒருவரை மாலை 6 மணிக்கு எங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்று கேட்டுப் பார்க்கலாம். கோயில் மண்டபம், பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடத் திண்ணை என்று பதில் வரும்.

புத்தகத்துக்கான பணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அதற்கென்றே தனிக் கட்டுரை வேண்டும். நூலக ஆணை என்று பதிப்புலகம் சொல்லும் அரசுக் கொள்முதல் பல ஆண்டுகள் ஒழுங்கில்லாமல் நின்றும் நகர்ந்தும் போனது. 2024இல் வெளிப்படையான கொள்முதலுக்கென்று புதிய கொள்கை வந்து, விண்ணப்பம் இணையவழிக்கு மாறியிருக்கிறது. கிராமத்தின் பக்கம் நின்று ஒன்றை மட்டும் கேட்கிறேன்: எந்தப் புத்தகம் வேண்டும் என்று ஊர்ப்புற நூலகரையும் வாசகர் வட்டத்தையும் கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர்ந்த ஊர்க்காரர்களுக்கும் அதில் ஒரு சொல் இருக்கட்டும்.

அக்கம்பக்கத்தில் என்ன செய்தார்கள்

கேரளத்தில் நூலகத்தை மக்கள் தொடங்குகிறார்கள், அரசு பின்னால் நிற்கிறது. பி. என். பணிக்கர் போன்றவர்கள் 1945 முதல் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த சங்கங்கள் அவை. இன்று மாநில நூலக மன்றத்தில் இணைந்த நூலகங்கள் ஏறத்தாழ 9,000. 1989இல் வந்த கேரள நூலகச் சட்டம் கட்டட வரியில் ரூபாய்க்கு 5 காசு நூலக வரி வைக்கிறது, நம் வரியில் பாதி. ஆனால் அதோடு இன்னொன்றும் சொல்கிறது: மாநிலத்தின் கல்வி ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாத தொகையை அரசு ஆண்டுதோறும் நூலக மன்றத்துக்குத் தர வேண்டும். எந்த ஊரில் எத்தனை மாடி வீடு இருக்கிறது என்பதோடு இந்தப் பணத்துக்குத் தொடர்பே இல்லை. கல்விச் செலவு கூடினால் நூலகப் பணமும் கூடும். வசூலுக்கு ஈடாக மானியம் என்ற நம் முறையைவிட இது கிராமத்துக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கர்நாடகம் வேறொரு வழியில் போனது. 1965இல் சட்டம் இயற்றி நூலக வரி வைத்தது. அது இப்போது 6 விழுக்காடு. கிராம ஊராட்சி நூலகங்களை நெடுங்காலம் நூலகத் துறையே நடத்தியது. 2019இல் 5,600க்கும் மேற்பட்ட அந்த நூலகங்களை ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறையிடம் ஒப்படைத்தார்கள். நம் ஊரில் இரண்டாகக் கிடக்கும் பொறுப்பை அங்கே ஒரு கைக்குக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே 'ஓதுவ பெளகு' என்ற பெயரில் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கட்டணமில்லாமல் உறுப்பினர் அட்டை கொடுக்கும் இயக்கம் தொடங்கியது. அங்கும் குறைகள் இருக்கும். ஆனால் நூலகம் பூட்டியிருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும்.

பணக்கார நாடுகளும் கிராமத்துக்கென்று தனியாக ஒதுக்கித்தான் நூலகத்தைக் கொண்டுபோயிருக்கின்றன. அமெரிக்கா 1956இல் கொண்டுவந்த நூலகச் சேவைச் சட்டம், 10,000 பேருக்கு உட்பட்ட ஊர்களின் நூலகச் சேவைக்கு மட்டும் பணம் தந்தது. நகரங்களுக்கு அந்த வாசல் திறந்தது 1964இல்தான். கிராமத்துக்கு முதலில், நகரத்துக்குப் பிறகு என்று ஒரு வரிசை வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம் என்று நினைக்கிறேன். ஊராட்சி நூலகக் கட்டடங்களில் நல்ல நிலையில் இருப்பவற்றை நூலகத் துறையின் பகுதி நேர நூலகங்களாக ஏற்றுக்கொண்டு, நூலக வரி நிதியிலிருந்து ஒருவருக்கு ஒழுங்கான ஊதியம் தரலாம். பகுதி நேர நூலகம் தொடங்க வாடகையில்லாக் கட்டடம் வேண்டும். அந்தக் கட்டடம்தான் ஏற்கெனவே ஊராட்சிக்கு ஊராட்சி நிற்கிறதே. வரி குறைவாக வரும் மாவட்டங்களுக்கு அரசு மானியத்தைக் கூட்டித் தரலாம். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஆண்டில் இத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்ற ஒரே கணக்கை வெளியிட்டால்கூடப் போதும், எத்தனை கட்டடம் கட்டினோம் என்ற பட்டியலைவிட அது உண்மையைச் சொல்லும். 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்று ரங்கநாதன் தன் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்ததை அளப்பதற்கு இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கைக் கேட்க ஓர் இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. தண்ணீர், சாலை, நூறு நாள் வேலை என்று பேசி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். போன அக்டோபரில் அதற்கு முன்பே அந்தப் பெரியவர் எழுந்தார். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார் போலிருக்கிறது, கையில் பிடித்திருந்தார். போன வருஷம் நம்ம ஊர்ல நூலக வரி மொத்தம் எவ்வளவு வந்துச்சு, அதுல எவ்வளவு மாவட்டத்துக்குக் கட்டினீங்க, எந்தத் தேதியில கட்டினீங்க என்று மூன்றையும் வரிசையாகக் கேட்டார். செயலர் உள்ளே போய் வசூல் பதிவேட்டை எடுத்து வந்து, கூட்டத்தின் நடுவில் வைத்துப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார்.